மூன்றாவது துள்ளல்

"டம்ளர் எத்தனை தடவை துள்ளுச்சு?"

ஒன்பது ஆண்டுகளாக வஞ்சிக்கொடி கேட்டுவரும் கேள்வி இது ஒன்றுதான். கரட்டுப்பாளையம் நீதிமன்றத்தின் பின்கட்டில் 'இயக்கி ஆய்வர்' என்ற பலகைக்குக் கீழே அவள் மேசை. எதிரில் உட்காருகிறவர் கண்ணை மூடி ஒரு நொடி யோசிப்பார். "ரெண்டு" என்றால் பச்சை முத்திரை. வேறு எதைச் சொன்னாலும் சிவப்பு. சிவப்பு வாங்கியவர் சொல்லும் சாட்சி எந்த நீதிமன்றத்திலும் செல்லாது. நல்ல இடத்தில் பெண்ணும் கிடைக்காது. தரகர்கள் ஜாதகத்தைக் கேட்பதற்கு முன்பே இந்தக் காகிதத்தைத்தான் கேட்கிறார்கள்.

மறதிக் காய்ச்சல் வந்துபோனதிலிருந்து யாருக்கும் சொந்த நினைவு ஒரு நாளைக்கு மேல் தங்குவதில்லை. பகலில் பார்த்ததும் கேட்டதும் இரவு உறக்கத்தில், காதுக்குப் பின்னால் பதித்த சில்லு வழியாக மலையடிவாரத்து நினைவுக் களஞ்சியத்துக்குப் போய்க் கோப்புகளாகிவிடும். மறுநாள் வேண்டியதை அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கொண்டுபோய் வைப்பதும் எடுத்து வருவதும் சில்லுக்குள் ஓடும் இயக்கியின் வேலை. அதில் இரண்டு ரகம். நேரியக்கி பார்த்ததைப் பார்த்தபடி வைக்கும். சீரியக்கி மலிவு. உறுத்துகிற மூலைகளை உரசி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சிறியதாக மடித்து வைக்கும். எடுத்துப் பார்த்த பழைய கோப்பையும் திருப்பி வைக்கும்போது இன்னும் கொஞ்சம் உரசும். களஞ்சியத்தில் இடம் மிச்சம், ஆளுக்கு நிம்மதி.

யார் தலையில் எது ஓடுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் டம்ளர். சில்லு பதிக்கும்போதே எல்லோருக்கும் ஒரே மாதிரி நினைவு ஒன்றையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். ஓர் ஆள் எவர்சில்வர் டம்ளரைச் சிமென்ட் தரையில் போடுகிறான். கிண், கிண் என்று இரண்டு முறை துள்ளி டம்ளர் நிற்கிறது. அவ்வளவுதான் நினைவு. சீரியக்கிக்காரர்கள் அதை எப்படியாவது மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். இதுவரை வஞ்சிக்கொடி இருநூற்றுப் பதினேழு பேருக்குச் சிவப்பு முத்திரை குத்தியிருக்கிறாள். அதில் ஒருவர் அவளுடைய கணவர்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தவர் பெயர் மாசிலாமணி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். காய்ச்சல் தொடாமல் தப்பிய ஆயிரத்தில் ஒருவர். சில்லே கிடையாது. இப்படிப்பட்டவர்களை ஊரில் வெறுந்தலை என்பார்கள். தலையில் சில்லு இல்லை என்பதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்பு விதி வந்தது. அவர்களிடமும் இதே கேள்விதான். "எந்த டம்ளருங்க?" என்று அவர்கள் விழித்தால் முத்திரை குத்தி அனுப்பிவிடலாம்.

மாசிலாமணி விழிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவுடன், யாரும் சொல்லாமலே, குனிந்து வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டு, "இந்தத் தடவையாவது காயிதம் வந்திருமுங்களா? ரெண்டு வருசமா அலையறனுங்க" என்றார்.

"செருப்பை எதுக்குக் கழட்டறீங்க? போட்டுக்குங்க. டம்ளர் எத்தனை தடவை துள்ளுச்சு?"

"மூணு."

வஞ்சிக்கொடி பேனாவைக் கீழே வைத்தாள். வெறுந்தலைக்கு விடை தெரியக்கூடாது. தெரிந்தால் எங்கோ திருட்டுச் சில்லு பதித்திருக்கிறார் என்று பொருள். அதுவும் சிவப்பு முத்திரை ரகச் சில்லு.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம என்னங்க, போட்டதே நாந்தானுங்களே. அப்ப நான் அந்தச் சில்லுக் கம்பெனி கேண்டீன்ல சப்ளையரு. ஒரு நாளு கூப்புட்டு, எதுத்தாப்புல ஒரு அம்மாவை உக்கார வெச்சு, 'டம்ளரைக் கீழ போடப்பா'ன்னாங்க. அந்தம்மா கண்ணுல பாத்ததுதானுங்க உங்க எல்லாரு தலையிலயும் இருக்கறது."

"சரி, போட்டீங்க. ரெண்டு தடவை துள்ளுச்சு."

"மூணுங்க. முதல்ல தரையில, ரெண்டாவதும் தரையில, மூணாவதா எகிறி வந்து விளிம்பு என்னோட கால் கட்டைவெரல்ல அடிச்சிருச்சு. நகம் பேந்து ஒரே ரத்தமுங்க. அந்தம்மா 'ஐயோ'ன்னு கத்துனாங்க. நான் வேற ஒண்ணு எடுங்கன்னு சொன்னேன். இதுதான் நல்லாருக்குது, மூணாவதை மட்டும் சீரி முழுங்கிரும், அப்ப ஆளு சிக்கிருவான்னு சொல்லிட்டாங்க."

அவர் காலைத் தூக்கி மேசைக்குப் பக்கத்தில் நீட்டினார். கட்டைவிரலில் நகம் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் குறுக்காக, டம்ளர் விளிம்பின் வளைவிலேயே, வெளுத்துப்போன ஒரு தழும்பு.

வஞ்சிக்கொடிக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவர் பொய் சொல்கிறார் என்று உடனே தோன்றியது. ஆனால் தழும்பு எதிரிலேயே இருக்கிறது.

"கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்று அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். காதுக்குப் பின்னால் சில்லைத் தொட்டு, தன்னைத்தானே கேட்டாள். எந்த இயக்கி?

நேரியக்கி, ஆறாம் பதிப்பு என்று உள்ளிருந்து பதில் வந்தது. எப்போதும் வருகிற பதில்தான். அப்பாடா என்று மூச்சு விட்டவள், பாதி மூச்சிலேயே நின்றுவிட்டாள். இந்தப் பதில் எங்கிருந்து வருகிறது? களஞ்சியத்தில் இருக்கும் கோப்பிலிருந்து. யார் எடுத்து வந்து தருகிறார்கள்? இயக்கி. நீ யார் என்று இயக்கியைக் கேட்டால், பதிலை உரசி மடித்துத் தருவதும் அதே இயக்கிதான். ஒன்பது வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். இது ஒருநாளும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

இன்னொரு வழி இருந்தது. டம்ளர் சோதனையின் சரியான விடை அரக்கு வைத்த உறையில், நீதிமன்ற இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிறது. சோதனை தொடங்கிய ஆண்டிலேயே எழுதி வைத்தது. யாரும் அதைப் பிரித்ததில்லை. விடைதான் ஊருக்கே நினைவிருக்கிறதே, பிரிப்பானேன்? நீதிபதிக்கு நினைவிருக்கிறது, வக்கீல்களுக்கு நினைவிருக்கிறது, வாசலில் டீ விற்கிறவருக்குக்கூட நினைவிருக்கிறது. பெட்டிச் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது.

உறையை எடுத்தாள். காகிதம் பழுத்து மஞ்சளாகியிருந்தது. அரக்கு மட்டும் புதிதாகப் பளபளத்தது. உறையின் வாயில் பசை மேல் பசையாகத் தடித்திருந்தது. அதை யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை. கிழித்தாள். உள்ளே ஒரே ஒரு வரி.

'மூன்று. மூன்றாவது துள்ளலில் கால் விரலில் இரத்தம்.'

வஞ்சிக்கொடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பத்து வருடத்துக்கு முன்னால் களஞ்சியத்தைப் பெரிய கட்டடத்துக்கு மாற்றினார்கள். பராமரிப்பு வேலை, ஒரு வாரம் நினைவுகள் மெதுவாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்தது. அந்த வாரத்தில்தான் நடந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சில்லாகக் கூப்பிட்டு, சத்தமில்லாமல் எல்லோருக்கும் மலிவான இயக்கியை மாட்டிவிட்டிருக்கிறார்கள். அவளுக்கு, நீதிபதிக்கு, ஊருக்கு. கூப்பிட்டால் கேட்காத பழைய சில்லு வைத்திருந்த சிலர் மட்டும் தப்பியிருக்கிறார்கள். தப்பியவர்களைத்தான் அவள் தேடித்தேடிச் சிவப்புக் குத்தியிருக்கிறாள். இருநூற்றுப் பதினேழு நேர்மையான தலைகள்.

அவள் கணவர் நல்லதம்பியின் சில்லு பழையது. "காது வலிக்கும், மாத்த மாட்டேன்" என்று கடைசி வரை பிடிவாதமாக இருந்தவர்.

அவர்கள் இருவரும் சேர்ந்து தேங்காய் நார் ஆலை ஒன்று நடத்தினார்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம், மட்டை நசுக்கும் இயந்திரத்தில் அடைப்பு. ரங்கன் என்ற தொழிலாளி உள்ளே இறங்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். யாரோ பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டார்கள். ரங்கன் பிழைக்கவில்லை. அவனைத் தவிர அப்போது ஆலையில் இருந்தவர்கள் இரண்டே பேர், நல்லதம்பியும் வஞ்சிக்கொடியும்.

"நீதான் அழுத்துன, வஞ்சி. உள்ள ஆள் இருக்கறது தெரியாம அழுத்திட்ட. வேணும்னு பண்ணல, அதைச் சொல்லிரு" என்றார் அவர். அவளுக்கோ தெளிவாக நினைவிருந்தது. அவள் கையில் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. வாசலில் நின்றாள். உள்ளே அவர் கை பொத்தானுக்குப் போனது. தன் தப்பைப் பெண்டாட்டி தலையில் கட்டப் பார்க்கிறாரே என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருவரின் வாக்குமூலமும் மோதியதால் யார் நேரி, யார் சீரி என்று பார்க்கச் சொன்னது நீதிமன்றம். சொந்தப் புருஷனை இவரே சோதிக்கலாமா என்று வக்கீல் ஒரு வார்த்தை கேட்டார். கேள்வி ஒன்று, விடை ஒன்று, யார் கேட்டால் என்ன என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

அவள் கேட்டாள். "மூணு" என்றார் நல்லதம்பி. சிவப்பு முத்திரையை அவள் கொஞ்சம் பலமாகவே குத்தினாள். பத்து வருடச் சிறை. ஏழு முடிந்துவிட்டது. இந்த ஏழு வருடத்தில் ஒருமுறைகூட அவள் அவரைப் பார்க்கப் போகவில்லை.

அப்படியானால் பொத்தானை அழுத்தியது யார்?

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். தூக்கு எந்தக் கையில் இருந்தது என்று நினைவிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இரண்டு கைகளிலும் இருந்தது. இரண்டு கையாலும் ஒரு சின்னத் தூக்கை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள், படத்தில் நிற்பதைப் போல. தூக்கை யார் அப்படிப் பிடிப்பார்கள்? ஓடிப்போய் முகத்தைக் கழுவினாள். கண்ணாடியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மணி மூன்றரை. அவளுக்கு நேரமில்லை. இப்போது தெரிந்தது எல்லாம் இன்றைய நினைவு. இன்னும் சொந்தத் தலையில்தான் இருக்கிறது. இரவு கண்ணயர்ந்தால் களஞ்சியத்துக்குப் போய்விடும். இந்த விரல், இந்தத் தழும்பு, இந்த ஒற்றை வரி எல்லாமே உறுத்துகிற மூலைகள். நாளைக் காலையில் எதுவும் மிஞ்சாது. இயக்கியை மாற்றக் களஞ்சியத்தில் எழுதிக் கொடுத்தால் நாற்பது நாள் ஆகும். இன்றைக்கே, இப்போதே, கைப்பட எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நல்லதம்பி வெளியே வரட்டும். தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும்.

அவள் மனுவை எழுதினாள். எழுத்து தெளிவாகவே வந்தது. தன் இயக்கி சீரியக்கி, கணவருக்குத் தந்த சிவப்பு முத்திரை தவறு, அவர் சாட்சி உண்மை, பொத்தானை அழுத்தியது தானே. உறைக்குள் இருந்த தாளையும் சேர்த்துக் குண்டூசி குத்தினாள். எடுத்துக்கொண்டு பதிவறைக்கு ஓடினாள்.

பதிவறை எழுத்தர் அங்கமுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, தடித்த பேரேட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். தீர்ப்பைத் தொடும் மனுக்கள் அவரிடம்தான் வரும். அவர் பேனாவில் எழுதுகிற மனிதர். எந்த மனுவுக்கு யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்துவைப்பது அவர் வழக்கம்.

"அங்கமுத்து, இதை உடனே பதிவு பண்ணுங்க. அவசரம்."

அவர் மனுவை வாங்கிப் படித்தார். அவள் எதிர்பார்த்த அதிர்ச்சி அவர் முகத்தில் வரவே இல்லை. எண் போட்டார், முத்திரை வைத்தார், அவளிடம் கையெழுத்து வாங்கினார், பக்கத்து இயந்திரத்தில் சிறைக்குத் தகவல் தட்டினார்.

"ஆச்சுங்க மேடம். நாளைக்குப் பத்து மணிக்கு வந்து உறுதி சொல்லிருங்க. சட்டம்தான் தெரியுமுங்களே, ஓர் இரவு தாண்டாத நினைவு சாட்சியாகாது."

அவள் அதை மறந்தே போயிருந்தாள். பகல் நினைவு காயாத சிமென்ட் மாதிரி, உறங்கி எழுந்து களஞ்சியத்திலிருந்து எடுத்துச் சொன்னால்தான் செல்லும் என்பது காய்ச்சலுக்குப் பிறகு வந்த சட்டம்.

"வர்றேன். கண்டிப்பா வர்றேன்."

அங்கமுத்து கொஞ்சம் தயங்கினார். பிறகு பேரேட்டை அவள் பக்கம் திருப்பினார். "தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கும் ஒண்ணும் ஞாபகமில்ல, நோட்டுல எழுதிவெச்சதைப் பாத்துத்தான் சொல்றனுங்க. இது உங்களுக்கு அஞ்சாவது மனு."

அவளுக்கு அவர் சொன்னது விளங்கவில்லை. பேரேட்டைப் பார்த்தாள். அவள் கையெழுத்து. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று, பிறகு இன்னொன்று, இன்னுமொன்று. ஒவ்வொன்றின் கீழும் மறுநாள் தேதியில், நடுங்காத, அழகான அவள் எழுத்திலேயே, 'பணிச்சோர்வில் தவறுதலாக எழுதியது. மனுவைத் திரும்பப் பெறுகிறேன்.'

மாசிலாமணி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர். கேட்காமலே செருப்பைக் கழற்றியவர். உறையில் புது அரக்கு.

"உறையை நாந்தானுங்க ஒவ்வொரு தடவையும் ஒட்டி வெக்கறேன்" என்றார் அங்கமுத்து, அவள் மனதைப் படித்தவர் போல.

"நான் தூங்கவே மாட்டேன்" என்றாள் வஞ்சிக்கொடி. குரல் கிறீச்சிட்டது. "இங்கயே உக்காந்திருக்கேன். விடிய விடிய முழிச்சிருந்து பத்து மணிக்கு உறுதி சொல்றேன்."

அவர் ஓரக்குறிப்பில் விரலை வைத்தார். "ரெண்டாவது தடவை அப்படித்தானுங்க பண்ணிருக்கீங்க. கண்ணெல்லாம் செவந்து வந்து நின்னீங்க. தூங்காத நினைவு செல்லாதுன்னு நீதிபதி ஐயா திருப்பி அனுப்பிட்டாரு. மதியம் வீட்டுல படுத்து எந்திரிச்சு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டீங்க."

"மாசிலாமணி! அவரை நாளைக்கு வரச் சொல்லுங்க. அந்த வெரலை என் கண்ணு முன்னாடி காட்டச் சொல்லுங்க."

"மூணாவது தடவை வந்தாருங்க. காட்டுனாரு." அங்கமுத்து கண்ணாடியை இறக்கிப் படித்தார். "'கல்லில் இடித்திருப்பார், பாவம், மருந்து போடச் சொல்லுங்கள் என்றார்கள்'னு எழுதிருக்கறேன்."

அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. "அப்ப நீங்க கேளுங்க அங்கமுத்து. நாளைக்கு நான் வந்ததும், டம்ளர் எத்தனை தடவை துள்ளுச்சுன்னு என்னைக் கேளுங்க. ரெண்டுன்னு சொன்னா, என்னைக் கையெழுத்துப் போட விடாதீங்க. பேரேட்டையே தராதீங்க. உங்க கால்ல விழறேன்."

அங்கமுத்துவுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. நான்காவது மனுவின் ஓரத்தைக் காட்டினார். பொடி எழுத்தில் இருந்ததை அவளே படித்தாள்.

'கேட்டேன். இரண்டு என்றார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் இரண்டுதான் நினைவிருக்கிறது. எனவே கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.'

"என்ன பண்ணட்டுமுங்க?" என்றார் அவர், மெதுவாக. "இப்பவும் யோசிச்சுப் பாத்தேன். ரெண்டுதான் வருது."

பக்கத்து இயந்திரம் சிறு மணி அடித்தது. அங்கமுத்து அதிலிருந்து வந்த தாளைக் கிழித்து அவளிடம் நீட்டினார். "சிறையிலிருந்து. மனு போட்ட தகவல் போனா, உங்க வீட்டுக்காரரு பதில் எழுதுவாருங்க. எப்பவும் வர்ற அதே பதிலு. ஒவ்வொரு தடவையும் துணிமணியை மடிச்சு மூட்டை கட்டி வெச்சுட்டு உக்காந்திருப்பாருன்னு வார்டர் சொன்னாராம், அதையும் எழுதி வெச்சிருக்கேன்."

நல்லதம்பிக்கு ஐந்து முறையும் நினைவிருக்கும். நான்கு முறை மூட்டை கட்டியதும், நான்கு முறை அவிழ்த்ததும், ஓரம்கூட மழுங்காமல் அப்படியே இருக்கும். இந்த மனுக்களை ஒன்று விடாமல் நினைவில் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான், சிறையில். அவள் தாளைப் பார்த்தாள்.

'வஞ்சி, உன்மேல எனக்குக் கோபமில்ல. மூணுன்னு மட்டும் நாளைக்கு ஞாபகம் வெச்சுக்கோ.'

மூணு, மூணு, மூணு என்று அவள் முணுமுணுத்தாள். உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். அங்கமுத்து அதைப் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேரேட்டில் ஐந்தாவது மனுவின் கீழே, வேலை மிச்சமாகட்டும் என்று நாளைய தேதியை இப்போதே போட்டு வைத்தார்.

மணி ஐந்தடித்தது. காலையிலிருந்து பதினோரு பேரைச் சோதித்த அலுப்பு, அழுத அலுப்பு. வஞ்சிக்கொடிக்குக் கொட்டாவி வந்தது.